ஆறு வோல்ட் வெளிச்சம்

மச்சான்,

இன்று சாயங்காலம் உன் காரின் ஹெட்லைட்டைப் போட்டேன். கண்ணாடியில் படிந்திருந்த தூசி சூடேறி ஒரு வாசனை வந்தது. பக்கத்தில் நீ நிற்கிறாயோ என்று திரும்பியே பார்த்துவிட்டேன்.

நாளை உன் மகள் ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். கல்யாணத்துக்குப் போன அதே காரில்தான் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உன் பிடிவாதம் எங்கே போகும்?

அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? உன் அப்பா விட்டுப்போன கார், நம் இருவரையும்விட மூத்தது, ஆறு வோல்ட் பேட்டரி. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் முனகும், விளக்கு மினுக்கும். "பன்னண்டு வோல்ட்டுக்கு மாத்திடுங்க. இல்லன்னா பொண்ண உக்கார வச்சு தள்ளிக்கினுதான் போவணும்" என்றார் எதிர் குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி. பிளாக்கே சிரித்தது. "எங்கப்பா ஓட்டன மாதிரியேதான் எம்பொண்ணு போவும்" என்றாய்.

நாமோ மைன்ஸில் ராட்சத இயந்திரங்களுக்குக் கேபிள் இழுக்கிறவர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட்டோடு பழகிய கைக்கு ஆறு வோல்ட் என்றால் இளக்காரம். வீட்டுக்கு இழுக்கிற மெல்லிய ஒன் ஸ்கொயர் ஒயரையே போட்டோம். விளக்கருகே மீட்டரை வைத்தால் ஐந்துதான் காட்டியது. ஒயரும் சூடாகியிருந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"வோல்ட் பாதியானா ஆம்பியர் ரெண்டு பங்காவுமேடா. அதே வெளிச்சத்துக்கு அவ்ளோ கரண்ட் போவணும். சந்துல லாரிய வுட்டுக்கினு நிக்கிறோம்."

அதைவிடத் தடித்த ஃபோர் ஸ்கொயர் ஒயர் வாங்கிவந்தோம். செல்ஃபுக்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள். அப்போதும் வெளிச்சம் அரைகுறைதான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "போற வழிய மட்டும் பாத்தா ஆச்சா? திரும்பி வர்ற வழிய யாரு பாக்கறது?" என்று, கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த் போல்ட்டைக் கழற்றினாய். அடியில், நீ ஆசை ஆசையாக அடித்த புது பெயின்ட் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிவிட்டு இரும்போடு இரும்பாக முறுக்கினோம்.

கல்யாணத்தன்று பொழுது சாயும் நேரம், கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ள ஆளும் சேர்த்துக்கொண்டு வந்து நின்றார். நீ செல்ஃப் போட்டாய். ஒரே இழுப்பு, வண்டி எடுத்துக்கொண்டது. விளக்கைப் போட்டதும் அவர் வேட்டி பளீரென்றது. "முன்னாடியே நில்லுங்க, கரை என்ன கலருன்னு பாத்து சொல்றேன்" என்றாய். பின்சீட்டில் ஸ்டெல்லா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கைதட்டலுக்கு நடுவே நீ வண்டியை எடுத்த எடுப்பு இருக்கிறதே, பார்த்த எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

நீ போய் ஒரு வருஷமாகிறது. எந்த வேலைக்கு ஒயர் இழுத்தாலும் திரும்பி வரும் வழியைத்தான் இப்போதும் முதலில் பார்க்கிறேன். அது உன் பழக்கம், என்னிடம் தங்கிவிட்டது.

சற்றுமுன் கலியமூர்த்தி வந்தார். காரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குத் தள்ள ஆளு வேணுமா?" என்று கேட்டார். நான் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டேன்.

"முன்னாடி நில்லுங்க" என்றேன்.

கரை பச்சை, மச்சான்.