ஓடை இடம் மாறியபோது

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகன் கிளாரி எழுதுவது. நான் நலம். இந்தக் குளிரில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்குக் கணுக்காலில் ஒரு சின்னச் சுளுக்கு, அவ்வளவுதான்.

வெண்ணெய் ஆலை வேலை பழகிவிட்டது. இங்கே ஓடைக்குத் தெற்கே குடியிருப்பவன் எங்கள் மில்புரூக் கிளப்புக்குத்தான் கால்பந்து ஆட வேண்டும். வடக்கே என்றால் டவுன் கிளப்புக்கு. போன வெள்ளத்தில் ஓடை தடம் மாறி, நான் தங்கியிருக்கும் வீடு வடக்கே போய்விட்டது. "இனிமே கிளாரி எங்க ஆளு" என்று வந்து நின்றார் டவுன் கிளப்பின் தலைவர் ஹான்ரஹான். அவர்களிடம் நாற்பது பேர். நான் போனால் எங்களிடம் பதினேழுதான். இந்த நாட்டுக் கால்பந்தில்தான் அணிக்குப் பதினொன்று போதாதே, பதினெட்டுப் பேர் வேண்டும்.

லீக் கூட்டத்தில் வீட்டுக்கார பாஸ்கோ அம்மா எழுந்தார். "ஓடை நகந்தா ஆளும் நகரணுமாய்யா? அப்போ என் கோழிங்களும் உம்ம டீமா? கூப்பிட்டுப் பாரும், வருதான்னு!"

ஹான்ரஹானே சிரித்துவிட்டார். பழைய தடம்தான் எல்லை என்று முடிவானது. அந்தத் தடத்தை அவர்களுக்குக் காட்டப் போய்த்தான் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கியது. அடுத்த வருஷம் வீடுகளை எண்ணி, இரண்டு கிளப்புக்கும் சமமாக எல்லை போடுவார்களாம்.

நீ பின்னும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்றும் எழுது. தபால் வண்டி வந்துவிட்டது.

சனிக்கிழமை ஆட்டத்தில் தொண்ணூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம், அம்மா. ஆனால் பதினெட்டுப் பேராய்த் தோற்றோம்.

உன் கிளாரி