சந்தியாகுவின் கண்கள்

19-9-1966

மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. நாள் முழுவதும் நெல்லிக்குப்பத்துக் கல்யாணப் படங்களுக்குக் கலர் போட்டேன். பெண்ணின் கன்னத்தில் ரோஸ் தூக்கலாகிவிட்டது. "ஜொரம் வந்த பொண்ணு மாரி இருக்கா" என்று சிரித்தார் இவர். பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

சாயந்தரம் சுவரில் இருக்கும் சந்தியாகு படத்தைத் துடைத்தேன். துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் முதுகில் ஒரு பார்வை. திரும்பினால் அவன்தான். நேரே பார்க்கும் கண் எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும் என்று ஸ்டுடியோக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பயம்!

22-9

எழுதியே விடுகிறேன். அது என் பிள்ளையின் கண் இல்லை.

கடலூர் திருப்பாப்புலியூரில் உள்ள குழந்தைகளையெல்லாம் இவர் படம் எடுத்தார். எங்கள் பிள்ளையை உயிரோடு ஒரு படம் எடுக்கவில்லை. "பச்சப் புள்ளைய போட்டோ புடிச்சா ஆயுசு கொறயும், ஒரு வயசு ஆவட்டும்" என்று மாமியார் தடுத்தார். ஒரு வயசு ஆகவே இல்லை. ஜுரத்தில் போன பிறகு என் மடியில் கிடத்தி எடுத்ததுதான் அந்தப் படம். இறந்தவர்களை அப்படி எடுத்து, பிரிண்டில் கண்ணைத் திறந்து வரைந்து தருவது எங்கள் தொழிலில் வழக்கம். துணிமணிக்கும் கன்னத்துக்கும் நான் கலர் போடுவேன். கண் இவருடைய வேலை. சந்தியாகுவுக்கும் இவர்தான் கண் திறந்தார்.

நாலு வருஷமாக அந்தக் கண்ணையே பார்த்துப் பார்த்து, அவன் கண் மறந்தே போச்சு. பெரிசா இருக்குமா? இமை நீளமா? நெனச்சா படந்தான் வருது. அவன் வரமாட்டேங்கிறான்.

2-10

சிதம்பரம் போயிருந்தேன். தங்கை ரோசி அங்கே டீச்சர். மெட்ராஸிலிருந்து ஓவியங்களும் போட்டோக்களும் கொண்டுவந்து ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள், வாக்கா என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு போட்டோவில் மரத்தடியில் நாவிதரின் நாற்காலி. ஆள் இல்லை. துண்டு மட்டும் நழுவிக் கிடக்கிறது. எழுந்து போனவரின் சூடு இன்னும் அதில் இருக்கும்போலப் பட்டது. இவர் பார்த்திருந்தால், "ஆள் இல்லாத படத்துக்கு எவன் காசு குடுப்பான்" என்றிருப்பார். நான் கொடுப்பேன்.

அதற்கு அடுத்த சுவரில் அந்த ஓவியம். ஒரு தாயின் மடி. அவள் தலை படத்துக்குள் இல்லை. மடியில் ஒரு குழந்தை. முகத்தில் கண் வரையவில்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் லேசான நிழல் மட்டும். ஒரு கை கீழே தொங்குகிறது. அந்தக் கை! அதன் கனம் என் முழங்காலில் இறங்கியது. அன்றைக்கும் அப்படித்தான் தொங்கியது.

ரோசி கூப்பிட்டது காதில் விழவில்லை. வரைந்த அம்மாள் அங்கேயே இருந்தார், லோகநாயகி என்று பெயர். நகக்கண்ணில் சாயம். என்ன தைரியமோ, கேட்டுவிட்டேன்.

"கண்ணு ஏம்மா போடல?"

"போட்டுப் பாத்தேங்க. போட்டதும் புள்ள என்னப் பாக்க ஆரம்பிச்சிடுச்சி. தாயப் பாக்கல. அழிச்சிட்டேன்."

"தூங்குதா?"

"உங்களுக்கு எப்பிடித் தோணுது?"

தூங்குது என்றேன். ரயிலில் கடலூர் வரும்வரை அழுதேன்.

3-10

கண் இல்லாத அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. என் பிள்ளையை நாங்கள் தூங்க விடாமல் சுவரில் விழிக்க வைத்திருக்கிறோம்.

8-10

ரோசிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு மறுபடியும் சிதம்பரம். நாளையோடு எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோகிறார்களாம். அந்த ஓவியத்தின் எதிரிலேயே நின்றேன். இரண்டு தடவை காவல்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார், இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்று.

சந்தியாகுவின் மூடிய கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவன் முகம் எனக்குத் திரும்பி வரும். வந்தே தீரும்.

11-10

கேட்டுவிட்டேன்.

"கண்ணு வரையாத பிரிண்ட் ஒண்ணு போட்டுக் குடுங்க."

பிரஷ் நின்றது. "எதுக்கு?"

"எம்புள்ள மொகத்த நான் பாக்கணும்."

"தெனம் பாக்குறியே."

"அது நீங்க வரைஞ்சது."

நெகட்டிவ் இல்லை என்றார். பச்சைப் பொய். முன்பின் தெரியாதவர்களின் நெகட்டிவைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா நீங்க? பொணத்த மடியில வச்சிக்கினு நான் கெடந்தேன், நீங்க பிரஷ்ஷ எடுத்துக்கினு உக்காந்துட்டீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாது. ஏன், சொன்னா என்ன? உண்மதான?

15-10

பேச்சு இல்லை. நானும் கலர் பெட்டியைத் தொடவில்லை. நெல்லிக்குப்பத்துக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

20-10

காலையில் ஒரு பழைய கவரை மேஜையில் வைத்தார். நெகட்டிவ். "நீயே போட்டுக்க மேரி. என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டேன். மருந்து டிரேயில் காகிதம் வெள்ளையாகக் கிடந்தது. முதலில் என் சேலைக்கரை வந்தது, பிறகு அந்தக் கை, பிறகு முகம்.

தூங்கவில்லை.

வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் மூடியும் மூடாமலும், நடுவில் வெள்ளைக் கோடு. அந்த ஓவியத்தில் பார்த்த தூக்கம் இதில் எங்கேயும் இல்லை. அய்யோ, இது அவன் முகமே இல்ல. இது வெறும் சாவு. இதத்தானா கேட்டுச் சண்ட போட்டேன்?

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு இதே டிரேயில், இதே முகம் இவருக்கு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் மறைத்து, கண் திறந்து, கன்னத்துக்கும் தானே கலர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

திரும்பி வந்தவர் கதவருகே நின்றார். "பாத்துட்டியா."

"இத நீங்க ஒத்தையிலயா பாத்தீங்க?"

தரையில் உட்கார்ந்தார். "அவன் கண்ணு எனக்கு வரல மேரி. எவ்ளோ நெனச்சும் வரல. எதிர்ல பாயில நீ உக்காந்திருந்த. உங்கண்ணப் பாத்து வரைஞ்சிட்டேன்" என்றார். அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை.

என் கண். நாலு வருஷமா எம்முதுவப் பாத்துக்கினு இருந்தது நாந்தானா?

23-10

சுவரில் இருப்பதை இறக்கிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது யார் கண் என்று தெரிந்த பிறகு பயம் விட்டுப்போயிற்று என்று எழுத ஆசைதான். விடவில்லை. அடுப்படியில் நின்றால் இன்னும் தெரிகிறது. அன்றைக்கு நான் அப்படியா பார்த்துக்கொண்டிருந்தேன்? அந்தப் பார்வையை எதிரில் வைத்துக்கொண்டு எப்படித்தான் இவர் கை ஆடாமல் வரைந்தாரோ.

2-11

கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் நான் தனியாகத்தான் போவேன். இவர் கடை திறந்துவிடுவார். இன்று மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பூவை இவர் கையில் கொடுத்தேன்.

குழியைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். காற்று சரியான காற்று. மெழுகுவர்த்தி அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

"போலாங்களா?" என்றேன்.

"செத்த இரு மேரி. நான் இப்பத்தான அவன்கிட்ட வந்திருக்கேன்."