கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்த செடி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நானும் உன் அம்மாவும் படியேறி இறங்குகிற அளவுக்குச் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. எழுதிக்கொடுப்பவர் கீழ்வீட்டுத் தையற்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடச் சட்டை நாற்பது தைக்கக் கிடக்கிறதாம், அண்ணே கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க என்று இதற்குள் இரண்டு தரம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

லிப்ட் மறுபடியும் ஓடவில்லை, மூன்று மாடியும் காலால்தான். அம்மாவுக்கு வலது முட்டி, எனக்கு இரண்டும், அதனால் பால் வாங்கப் போகிறவர் யார் என்பதில் தினமும் ஒரு சண்டை. உன் தம்பிக்கு பஸ் டிப்போவில் காலை ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான், பேச்சு கிடையாது. இதெல்லாம் இருக்கட்டும். சொல்ல வந்தது உன் செடியைப் பற்றி.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பினது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, தலைக்குப் போடுகிற கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, கூடத்து ஜன்னலுக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்தாய். வெயில் எதுவரைக்கும் வருகிறதோ அந்த விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாய். அப்பா, இதுக்கு வெளிச்சம் வேணும், ஆனா வெயில் நேரா மேல படக் கூடாது, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும் என்றாய். செடியின் பேரையும் சொன்னாய், அது என் வாயில் நுழையவில்லை, இலை யானைக் காது மாதிரி இருப்பதால் அம்மா அதைக் காதுச்செடி என்கிறாள். நீ டாக்சியில் ஏறினதும் எனக்கு ஒரு கவலை வந்தது, அம்மா தரை துடைத்தால் சாக்பீஸ் போய்விடுமே என்று. பரணில் ரோட்டுக்குப் போடுகிற வெள்ளைப் பெயின்ட் டின்னின் அடியில் கொஞ்சம் இருந்தது. அன்று சாயங்காலமே உன் கோட்டின் மேல் பிரஷ் பிடித்து, பிசிறு இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, ஏன், நம்ம கூடத்துக்குள்ள பஸ் விடப் போறாங்களா என்று கேட்டாள்.

முப்பத்தாறு வருஷம் ரோட்டில் கோடு போட்டவன் நான். நில் என்ற எழுத்தை, எழுத்து வெட்டின தகடு வைத்து எத்தனை தெருமுனையில் அடித்திருப்பேன், அதை எனக்குப் படிக்கத் தெரியாது, ஒரு தடவை தகட்டைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படிக்கத் தெரியாதவனுக்குக் கோடுதான் படிப்பு. கோடு இருந்தால் அதை மதிக்க வேண்டும், அதுதான் நான் கற்றது. அப்படித்தான் உன் செடியையும் வைத்தேன். அம்மா பெருக்குவதற்குத் தொட்டியை நகர்த்தினால் உடனே பழைய இடத்தில் கொண்டு வைப்பேன், கோட்டைத் தொட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன், ஒரு விரற்கடை தாண்டவிட மாட்டேன்.

நீ கோடு போட்டபோது கோடைக்காலம், சூரியன் தலைக்கு மேல் நின்றது. இப்போது பருவம் மாறித் தென்பக்கம் சாய்ந்துவிட்டது, மத்தியானத்தில் வெயில் கோட்டைத் தாண்டி இரண்டு முழம் உள்ளே வந்து உட்காருகிறது. வாழ்நாள் முழுக்க நடுரோட்டில் வெயிலோடு கிடந்தவனுக்கு இது தெரியாதா, தெரியும். இலை மேல் வெயில் விழுவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் படித்த பிள்ளை பார்த்துப் போட்ட கோடு, நாம் நகர்த்தக் கூடாது என்று இருந்துவிட்டேன். முதலில் ஒரு இலை வெளுத்தது, பழுக்கிறது போல என்று நினைத்தேன். அப்புறம் நடுவில் பழுப்பாகி, தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கியது. தாகமாக இருக்கும் என்று மத்தியானத்திலும் தண்ணீர் ஊற்றினேன். வெயில் கோட்டைத் தாண்டி வந்து நிக்குது, நீங்க தொட்டிக்குக் காவல் நிக்கறீங்க என்று அம்மா சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று கத்தினேன். ஒன்பது இலையில் மூன்று போயிற்று.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நீ போன் பண்ணுவதற்கு முன்னால் தொட்டியைத் திருப்பி வைத்தேன், கருகின பக்கம் சுவரைப் பார்க்கும்படி. நல்ல பக்கத்தைக் காட்டினேன். என்னப்பா ஒரே பக்கத்தையே காட்டறீங்க என்று போன தடவை கேட்டாய். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை கருகின இலை ஒன்று உதிர்ந்தது. அம்மா அதைப் பெருக்கி முறத்தில் எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, பிள்ளையையும் இப்படித்தானே ரெண்டு தடவ கொண்டுபோய் அதே இடத்துல வெச்சுட்டு வந்தீங்க என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, வெறுமனே சொல்லிவிட்டு முறத்தோடு போய்விட்டாள். புகுந்த வீட்டுக்கு உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட அந்த இரண்டு தடவையும் எனக்கு மறக்கவில்லை பாப்பா. முதல் தடவை மழை, பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது சீட், பையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அதன் வாரையே திருகிக்கொண்டு வந்தாய். இரண்டாவது தடவை நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நீ அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாய். கொஞ்சம் பொறுத்துப் போம்மா என்று இரண்டு தடவையும் சொன்னேன். கட்டிக்கொடுத்த பிள்ளை இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று யாரோ எப்போதோ போட்ட கோடு, அதைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை நீயே வந்தாய். கையில் இந்தத் தொட்டி மட்டும் இருந்தது. அந்த வீட்டிலிருந்து நீ எடுத்து வந்தது இது ஒன்றுதான், ஊருக்குப் போகும்போது என்னிடம் கேட்டதும் இது ஒன்றைத்தான்.

இலை உதிர்ந்த அன்றைக்கே பயத்தில் செடியைக் குளியலறைப் பக்கம் இருட்டில் கொண்டு வைத்தேன், நாலு நாளில் தலை தொங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தையற்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலையைப் பிடித்துப் பார்த்தவர், இஸ்திரிப் பெட்டிய மறந்து வெச்ச சட்டை மாதிரி இருக்கே அண்ணே என்றார். மெல்லிசான துணிக்கு நாங்க மேல ஒரு துணி போட்டுத்தான் பெட்டி வைப்போம், சூடு உள்ள போகணும் ஆனா பொசுங்கக் கூடாது, ஜன்னலை மூடாதீங்க, ஒரு துணிய மட்டும் குறுக்க விடுங்க என்றார். லைனிங் துணி இரண்டு துண்டை ஒட்டித் தைத்து அவரே ஜன்னலில் கட்டிக்கொடுத்தார். செடியைத் திரும்பக் கூடத்தில் வைத்தேன். இப்போது மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் இலைக்கு மேல் கையை நீட்டுகிறேன். விரலுக்கு விரல் நிழல் தனித்தனியாக விழுந்தால் துணியை இழுத்து விடுவேன், நிழல் கலங்கலாக இருந்தால் அப்படியே விடுவேன். முட்டியோடு இது பெரிய வேலைதான், அலுப்பாகத்தான் இருக்கிறது. கோடு என்று ஒன்று இருந்தால் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் அதில் சுகம். பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இந்த வயதில் பழகுகிறேன்.

தொங்கின தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, பிழைத்துவிடும் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கருகினது இனி பச்சையாகாது. பாதி கருகின இலை இரண்டு இருக்கிறது, வெட்டிவிடலாமா என்றேன், பச்சையா இருக்கற பாதி வேலை செய்யுது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறாள் அம்மா. தரையில் இருக்கிற கோட்டை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டிப் பார்த்தேன், பஸ் சக்கரத்துக்கே போகாத பெயின்ட், எனக்கா போகும். அதன் மேல் அம்மா மிதியடியைப் போட்டு வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தம்பிக்கு ஒரு நாள் தனியாகப் போன் போட்டுப் பேசு. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் செடியை நாலு பக்கமும் காட்டுகிறேன், திருப்பி வைக்க மாட்டேன். நீயும் அங்கே பாதி முகம் தெரிகிற மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்து நல்லா இருக்கேன்பா என்று சொல்லாதே, நேராக உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா