நுரையில் மூழ்கிய ஹேங்கரும் என் மாப்பிள்ளையும்

மார்ச் 2, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கிளம்பித் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்தான். "அத்தை, கை கழுவுன குழாய மூடுனேனான்னு ஒரு சந்தேகம்." மூடித்தான் இருந்தது. போனான். மறுபடி வந்தான், குழாயைச் சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க. "பரவாயில்ல மாப்பிள்ளை, நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்றேன். முகத்துக்கு நேரேதான் இந்த மரியாதை. இங்கே எழுதும்போது அவன் இவன்தான்.

இப்படிப்பட்டவனை நம்பி, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரின் தீயணைப்பு அமைப்பையே ஒப்படைத்திருக்கிறார்கள். நானும் மகளைக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜருக்கு யோசனை வந்திருக்கிறது. ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடுவதால் அந்த மனுஷனுக்குச் 'சென்ட்டு' என்று பெயர் வைத்தவள் நான். புதுப் பெயின்ட் அடித்த விமானம் மேகத்துக்குள்ளிருந்து வருவதுபோலப் படம் எடுக்க வேண்டுமாம். அதற்குப் புகை மெஷின். ஹேங்கருக்குள்ளே! புகை பட்டாலே அலறுகிற கருவிகள் கூரை முழுக்க இருக்கின்றன. அவை அலறினால் தீயணைக்கும் நுரை மேலிருந்து கொட்டும்.

மாப்பிள்ளை போய்ச் சொல்லியிருக்கிறான்: "அன்னிக்கு சிஸ்டத்த நிறுத்தி வச்சிடலாம் சார்." நிறுத்தினால் வேலையாட்களையும் வெளியே அனுப்ப வேண்டும், அரைநாள் வேலை போய்விடும். "லேசான புகைதான்பா. நீ பக்கத்துல நின்னுக்க" என்றதாம் சென்ட்டு. இவனும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். என்ன ஜென்மமோ.

மார்ச் 6, வியாழன்

நடந்தே விட்டது. எத்தனை முறை கழுவியும் கை வழவழவென்றே இருக்கிறது.

நான் விமானத்தின் வால்பக்க மேடையில், எல்லாருக்கும் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே புகையை விட்டார்கள். சைரன் அலறியது. சைரன் அடித்த உடனே நுரை கொட்டாது, கொஞ்சம் அவகாசம் உண்டு. சுவரில் ஒரு மஞ்சள் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை நுரை வராது, கையை எடுத்தால் வரும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

மாப்பிள்ளை ஓடிப்போய் அமுக்கினான். ஆனால் பம்ப் அறைக்குப் போய் நுரை வரும் வால்வை மூட வேண்டியவனும் அவன்தான். பக்கத்தில் நின்ற சென்ட்டின் கையைப் பிடித்து இழுத்துப் பொத்தான்மேல் வைத்து, ஏதோ சொல்லிவிட்டு ஓடினான். விடாதீங்க என்றுதான் சொல்லியிருப்பான்.

சென்ட்டுக்குப் போன் வந்தது. எடுத்தது. சரி, இன்னொரு கைதான் பொத்தானில் இருக்கிறதே என்று பார்த்தால் — சைரன் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை போல. பொத்தானிலிருந்த கையை எடுத்து மற்றக் காதைப் பொத்திக்கொண்டது. மேலிருந்து கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கூரையிலிருந்து நுரை கொட்டோ கொட்டென்று கொட்டியது. படத்துக்காக விமானத்தின் கதவுகளை வேறு திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கைகள் வரை நுரை. கழுத்தளவு நுரையில் ஆட்கள் சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கடைசியாக வந்த சென்ட்டிடம் முதல் தடவையாக வாசனையே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சென்ட்டு மேலிடத்தில் சொன்ன கதை: தான் பொத்தானை விடவே இல்லையாம், மாப்பிள்ளைதான் வால்வைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டானாம். படமெடுக்க வந்தவர்கள் சைரன் கேட்டதுமே ஓடிவிட்டார்கள், மற்ற ஆட்கள் விமானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அதைவிடக் கேவலம் இவன். மகள் போனில் அழுகிறாள்: "தப்பாத்தான் திருப்பிட்டேனோன்னு அவரே சொல்றாரும்மா. உக்காந்து கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருக்காரு." பார்ப்பான். இந்தப் பழியோடு வேலை போனால் வேறு எந்த ஹேங்கரிலும் இவனைச் சேர்க்க மாட்டார்கள். அது தெரியாமல் கையைப் பார்க்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டுக்கு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க மாப்பிள்ளை. அந்தாளு கைய எடுத்தத என் கண்ணால பாத்தேன்."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க அத்தை."

இவனுக்காக நான் பொய் சொல்வேனாம்! நினைப்பைப் பார்.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். சென்ட்டு சிரித்தது. "இவங்க அவனோட மாமியார் சார். வேற எப்படிச் சொல்வாங்க?" விசாரணைத் தலைவர் பேனாவை மூடிவிட்டார். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சாட்சிக்கு வந்திருந்த பெயின்ட் மேஸ்திரி எழுந்தார். "சார், இந்தம்மாவுக்கு அந்த மாப்பிள்ளையக் கண்டாலே ஆகாது. எம்பொண்ணுக்கு வேற ஆளே கெடைக்கலையான்னு தெனம் பொலம்புவாங்க. இவங்களே அவர் மேல தப்பில்லங்குறாங்கன்னா அது நெசமாத்தான் இருக்கும்."

கூட வந்திருந்த கேன்டீன்காரர் விடுவாரா? "குழாய் மாப்பிள்ளைன்னுதான் சார் சொல்வாங்க. அவர் திரும்பித் திரும்பி வர்றத நடந்தே காட்டுவாங்க. நாங்க சிரிப்போம்."

இன்னும் ரெண்டு பேர் சொன்னார்கள். எல்லாவற்றையும் மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"இதெல்லாம் உண்மையாம்மா?" என்றார் தலைவர்.

இல்லை என்றால் அவன் மானம் பிழைக்கும். ஆமாம் என்றால் வேலை பிழைக்கும்.

"ஆமா சார். எல்லாம் உண்மைதான்."

அவர் பேனாவைத் திறந்தார். சென்ட்டின் போனைக் கேட்டு வாங்கினார்.

மார்ச் 15, சனி

மகள் என் போனை எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

சைரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சென்ட்டு போன் பேசியது நிரூபணமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்தது. சென்ட்டுக்குத் தண்டனையாகத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றம், அங்கே பாதுகாப்புப் பயிற்சிக்குப் பொறுப்பாளராக. பொத்தானை எப்படிப் பிடிப்பது என்று ஊருக்கே வகுப்பு எடுக்கட்டும். வெட்கங்கெட்ட கூட்டம்.

மகள் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாப்பிள்ளை மட்டும் வந்தான். "அவளுக்கு இன்னும் கோவம் தீரல அத்தை." சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "அன்னிக்கு விசாரணைல தலைவர் உண்மையான்னு கேட்டப்ப, நீங்க ஆமான்னீங்கள்ல. அப்பதான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு, வால்வ நான் சரியாத்தான் திருப்பியிருக்கேன்னு."

"மோர் ஊத்தட்டுமா மாப்பிள்ளை" என்றேன். சாப்பிட்டு எழுந்தவனிடம்.

கிளம்பினான். வாசலில் நின்றேன். தெருமுனை வரை போனான். திரும்பி வரவில்லை.

உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி வாசலுக்கு வந்து, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.