எலிக்குட்டி பிரிக்கும் நாள்

பிப்ரவரி 10, 1998

இன்று குட்டி பிரித்தேன். வாலைத் தூக்கிப் பார்ப்பது, ஆணைக் கூண்டில் விடுவது, பெண்ணை ஈதர் ஜாடியில் போட்டுக் கொல்வது. ஆய்வுக்கு ஆண் எலிதான். நாலு நாளுக்கொரு சினைச் சுழற்சி உள்ள உடம்பை நம்பக்கூடாது என்பது எங்கள் துறையின் வேதம். அதைப் போதித்துக்கொண்டே, மாதவிலக்கு நிற்கும் நாற்பத்தொன்பது வயதின் வெக்கையில் வருகைப் பதிவேட்டால் விசிறிக்கொள்கிற ஆள் நான்.

என் ஆய்வு மாணவி அனுஷா என் கையைப் பிடித்துவிட்டாள். "டீச்சர், நாம சோதிக்கிற தூக்க மருந்த நாளைக்கு எங்க அம்மா மாதிரி ஆளுங்கதானே குடிப்பாங்க? பெண் குட்டியும் எனக்கு வேணும்."

ஜாடியை மூடினேன்.

மே 12

ஆண் எலிகள் மருந்து குடித்து, தூங்கி, எழுந்து சண்டையும் போட்டன. அதே அளவு குடித்த பெண் எலிகள் சாயங்காலமும் எழவில்லை. இரண்டு எழவே இல்லை. கேன்டீனில் பழம்பொரி தின்றேன். ருசி தெரியவில்லை, பழம்பொரிக்கு உயிரை விடுகிற எனக்கு.

ஜூன் 16

துறைத் தலைவர் தாணுமாலையன் சார் ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார். "பெண் எலி அத்தியாயத்த எடுத்தா கையெழுத்து போடுதேன். அதுகளுக்கு நாளுக்கொரு மூடு, கேட்டோ. டேட்டா ஆடும்." சொல்கிறவர் யார்? வீட்டில் தோசை கருகினால் அன்று துறையே நடுங்கும்.

"எடுத்திரலாம் டீச்சர்," என்றாள் அனுஷா. "ஆகஸ்டுக்குள்ள கொடுக்கலன்னா பிஎச்.டி. பதிவே போயிரும்." அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன். எடுத்தால் இவளுக்குப் பட்டம். மருந்து ஆண் எலியின் அளவிலேயே பெண்களிடம் போகும். நான் என்னத்த செய்ய?

ஜூன் 18

மருந்தே கொடுக்காத நாட்களின் தூக்கக் கணக்கு. ஆணுக்கொரு வரைபடம், பெண்ணுக்கொன்று. தலைப்பை மறைத்து சாரிடம் நீட்டினேன்.

"இதுல பெண் எது சார்?"

தாறுமாறாக ஆடியதைத் தொட்டார். "கண்டாலே தெரியுமே."

மறைப்பை எடுத்தேன். ஆண். கூண்டுக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு தூங்காத ஆண்கள்.

தோசை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அனுஷாவுக்கான கையெழுத்து இன்னும் அவர் பேனாவுக்குள்தான்.

வரைபடங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்க வச்சிட்டுப் போங்க டீச்சர்."

ஜூன் 29

வரைபடங்கள் இன்னும் சார் மேசையில்தான். மழை.

ஆகஸ்ட் 11

அனுஷாவின் ஆய்வேடு நேற்று பைண்டிங்குக்குப் போனது. பெண் எலி அத்தியாயம் உள்ளேதான். சார் கையெழுத்து போட்டுவிட்டார்.

இன்று மறுபடி குட்டி பிரித்தேன். வாசலில் வந்து நின்றார்.

"பெண்ணுக்குக் கூண்டு போதுமா?"

"போதாது சார்."

வராந்தாவிலிருந்து பழைய கூண்டொன்றை அவரே தூக்கி வந்து வைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. தோசையாக இருக்கலாம்.

ஈதர் ஜாடி அலமாரியிலேயே இருந்தது.