நாங்கள் பார்க்காத முடிவு

பீடோங்
4.7.1943

அன்புத் தங்கை தங்கமணிக்கு, அண்ணன் பரஞ்சோதி எழுதுவது.

"வாத்தியாரே, அந்தச் சாமியார் படம் எப்படித்தான் முடியுது?" என்று பால்மரம் வெட்டும் அழகம்மா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பதில் சொன்ன எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தச் சிரிப்புப் படத்தைப் பாட்டு நாடகமாகப் போடுகிறோம். பெண்டாட்டியோடு சண்டை போட்டு ஓடிப்போய்ச் சாமியார் வேஷம் கட்டுகிறவன் கதை. ஆண்களில் பாதிப் பேர் நம் மாப்பிள்ளை மனோகரனைப் போல ஜப்பான்காரனிடம் சிக்கிச் சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். அதனால் புருஷன் வேஷம் அழகம்மாவுக்கு. முகத்தில் பூச மரவள்ளி மாவு கேட்டேன். "வேணாம்லா வாத்தியாரே! இருக்கிற பசிக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நக்கிப்புடுவாங்க" என்கிறாள்.

பாட்டெல்லாம் மனப்பாடம், முடிவுதான் ஒருவருக்கும் தெரியாது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க வேண்டுமே என்று எந்தப் படத்துக்கும் எங்களை ஏற்றிப்போகும் தோட்டத்து லாரி பாதியிலேயே திரும்பிவிடும். செர்டாங் கொட்டகையில் மாப்பிள்ளை டிக்கெட் கிழித்தவர். நீ முழுப் படமும் பார்த்திருப்பாய். எழுது.

அண்ணன்

செர்டாங்
19.7.1943

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நாடகத்துக்காகவாவது தங்கையின் நினைவு வந்ததே, சந்தோஷம்.

இங்கே சேதி நல்லதில்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாராம். அவரே பார்க்கவில்லை. மாமியார், "இன்னும் எத்தன நாளைக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருப்ப? ஆடி கழிஞ்சதும் காரியத்த முடிச்சிரலாம்மா. தாலிய எடுத்துரு" என்கிறார். பெற்ற வயிறு. அவரோடு எப்படிச் சண்டை போடுவேன்?

முடிவு இதுதான். தாடியோடு ஒரு சாமியார் வாசலில் வந்து நிற்கிறார். படியேறுமுன் ஒரு காலால் மறு காலைத் தேய்க்கிறார். உடனே அவள் அடையாளம் கண்டு காதைப் பிடித்துத் திருகி, "எங்கய்யா போய்த் தொலைஞ்ச? கை காலக் கழுவிட்டு வா, கிழங்கு ஆறுது" என்கிறாள். அப்புறம் பாட்டு.

தங்கமணி

பீடோங்
9.8.1943

அன்புத் தங்கைக்கு,

நாடகம் நடந்தது. நீ எழுதியபடியே முடித்தோம். அழகம்மா காலைத் தேய்த்ததும் சிரிப்பு. பெண்டாட்டி வேஷக்காரி "கிழங்கு ஆறுது" என்றதும் ஒரே கைதட்டல். பிறகு பார்த்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒருத்தி எழுந்து, "இன்னொருக்கா வரச் சொல்லு!" என்று கத்தினாள். அழகம்மா மறுபடியும் வந்தாள்.

அந்தக் காலத்தில் பீடோங்கில் படம் ஓட்டிய அய்யாவும் வந்திருந்தார். "வாத்தியாரே, படத்துல அவன் வீட்டுக்கே வரமாட்டானே! பெரிய சாமியாராகிப் பல்லக்குல போயிருவானே" என்றார். வெற்றிலையைக் கொடுத்து அவர் வாயை அடைத்தேன்.

அது நீயே கட்டிய முடிவு என்று எனக்கும் முன்பே தெரியும், தங்கச்சி. அரிசிச் சோறு கிடைத்த காலத்தில், ஜப்பான் சண்டைக்கு முன் வந்த படத்தில் எவள் புருஷனுக்குக் கிழங்கு போட்டாள்? காலைத் தேய்ப்பது யாருடைய பழக்கம் என்று நான் அறியாதவனா? தப்பான விடையைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துப் பழகிய கை இது. இதை அடிக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வருவார் என்று சொல்ல எனக்குத் தெரியாது. போய்விட்டார் என்பதையும் கண்ணால் பார்த்து யாரும் சொல்லவில்லை. ஆடி முடியுமுன் நான் அங்கே வந்து மாமியாரிடம் பேசுகிறேன். அதுவரை தாலியைத் தொடாதே.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை கதவைத் திறந்ததும் அந்தக் கடைசி வசனத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

உன் அண்ணன்
பரஞ்சோதி