காய்க்கிறதுக்கு முன்னம்

1979 ஜனவரி 14, ஞாயிறு

பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வர, வாசலில் ஒருவர் நின்றார். நவரத்தினம் மாஸ்ரராம். தன்சானியாவில் என் மனுசன் கிளெமென்ற் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், லீவில் வந்தவர். மனுசன் கொடுத்துவிட்ட பார்சலைத் தந்தார். சேலையாக்கும் என்று பிரித்தால், மூன்று விதை! பன்னாடை போல நார் சுற்றிய தட்டை விதைகள். கொடியாகப் படருமாம், பருப்பை வறுத்தால் கச்சான் கடலையைவிட எண்ணெய்ப்பிடிப்பாம்.

கூடவே கடிதம்: "மூண்டையும் ஊண்டு. நல்லதா ஒண்டை விட்டிட்டு மற்ற ரெண்டையும் பிடுங்கு, எங்கட வளவிலை இடம் காணாது. ரெண்டு வருசத்திலை காய்க்கும். அதுக்கு முன்னம் நான் வந்திடுவன்."

கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது.

மார்ச் 4

மூன்றும் முளைத்து நிற்கின்றன. இரண்டைப் பிடுங்கினேன். மனம் வரவில்லை. ஆனால் இவர் சொன்னது சொன்னதுதானே.

நவம்பர் 18

கொடி மாமரத்தில் பாதிக்கு ஏறிவிட்டது. கடிதம் வந்து ஒன்பது கிழமை. கந்தோரில் நாள் முழுக்க ஊராருக்கெல்லாம் ரெலிபோன் இணைப்புக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கதைக்க ஒருத்தரும் இல்லை. இன்றும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

1980 யூலை 6

பூத்துவிட்டது! கொத்துக் கொத்தாய், ஊதா நிறத்தில். மனுசன் வரப்போகிறார், கோழி வாங்கி வை என்று பக்கத்து வீட்டு றோஸி அக்கா பகிடி பண்ணினா. கோழி வாங்கவில்லை. கட்டில் விரிப்பை மட்டும் தோய்த்துப் போட்டேன்.

செப்டெம்பர் 28

எல்லாப் பூவும் கொட்டிவிட்டது. ஒரு பிஞ்சுகூட இல்லை. நான் இலவு காத்த கிளியாம், றோஸி அக்கா சொல்கிறா. இலவென்றால் பஞ்சாவது மிஞ்சும்.

டிசம்பர் 21

நவரத்தினம் மாஸ்ரர் அங்கே வேலை முடிந்து தெஹிவளையில் தன் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் மனுசன் இன்னும் மூன்று வருசம் அங்கே வேலை செய்யக் கையெழுத்து வைத்திருக்கிறாராம். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கொடியைப் பற்றிக் கேட்டேன்.

"அதிலை ஆண்கொடி வேறை, பெண்கொடி வேறை, தங்கச்சி. ஒண்டை மட்டும் வைச்சா ஒருநாளும் காய்க்காது. அங்கை சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

பஸ்ஸில் வரும்போதுதான் நெஞ்சில் உறைத்தது. என் மனுசன் அங்கே படிப்பிப்பது தாவரவியல்.

மறந்துபோய் எழுதினாரோ? மறக்கிற ஆளோ இவர்? காய்க்கிறதுக்கு முன்னம் வாறன் எண்டு — காய்க்கவே காய்க்காத ஒண்டுக்கு முன்னம் எப்ப வந்தாலும் சரிதானே! நானும் விசரி மாதிரித் தண்ணி ஊத்தினன்.

1981 ஜனவரி 11

கொடியை வெட்டினேன். இழுத்துப் போட அரை நாள் ஆனது. மாமரத்தில் வெயில் படுகிறது.

மே 3

அந்த இடத்தில் போட்ட பாகல் காய்த்துவிட்டது. இதில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில்தான். றோஸி அக்காவுக்கு நாலு கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழம்பு வைத்திருக்கிறேன். அரிசி ஒரு ஆளுக்குத்தான் போட்டேன், கை பிசகவில்லை.

நேற்று வந்த தன்சானியாக் கடிதம் மேசையில் கிடக்கிறது. குழம்பை இறக்கிவிட்டுப் பார்க்கலாம்.